நீலகிரிப் பழங்குடி மக்களும் சிக்கிள் செல் நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் உள்ள பழங்குடிக் குடும்பங்களுக்காகவும், அவர்களோடு பழகும் ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், கிராம சுகாதார செவிலியர்களுக்காகவும் இதை எழுதியிருக்கிறோம். இதில் உள்ள மருந்தளவுகள் பொதுவானவை. உங்கள் சீட்டில் மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சிக்கிள் செல் நோய் என்றால் என்ன?

ரத்தச் சிவப்பணுவுக்குள் இருந்து பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பிறவியிலேயே இருக்கும் ஒரு மாற்றம். பிராணவாயு குறையும்போதும் உடலில் நீர் வற்றும்போதும் இந்த மாறிய ஹீமோகுளோபின் உள்ளுக்குள் இழைஇழையாகக் கெட்டிப்படுகிறது. உருண்டையாக நெகிழ்ந்து போக வேண்டிய அணு அரிவாள் போல வளைந்து விறைத்துப்போகிறது. இதனால் இரண்டு கேடுகள். விறைத்த அணுக்கள் சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால், ரத்தம் போகாத இடம் வலிக்கிறது. அடுத்தது, சாதாரணமாக 120 நாள் வாழும் அணு 10 முதல் 20 நாளிலேயே உடைவதால் சோகையும் கண் மஞ்சளும் வருகின்றன.

இது தொற்றுநோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. யாருடைய சாபமும் இல்லை.

ஏன் எங்கள் மக்களுக்கு மட்டும் வருகிறது?

உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாகப் பதிவானது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். பணியர், இருளர், குறும்பர் சமூகங்களில் இது கணிசமாக உண்டு. பழங்குடி அல்லாத வயநாடன் செட்டி சமூகத்திலும் உண்டு. ஒடிசா, சத்தீஸ்கர், மகாராஷ்டிரா, குஜராத் என மத்திய இந்தியா முழுக்கவும், ஆப்பிரிக்காவிலும், அரபு நாடுகளிலும் இருக்கிறது.

இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவானது மலேரியா. இந்த மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் குழந்தை கடுமையான மலேரியாவில் சாகாமல் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். காட்டோரங்களில் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்த மக்களிடம் அது இப்படித்தான் நிலைத்தது. சொந்தச் சமூகத்துக்குள்ளேயே திருமணம் செய்யும் வழக்கமும் அதை அங்கேயே தங்க வைத்தது. மரபணு இரண்டு இருந்து நோயாகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சிக்கிள் செல் நோயாளிக்கு மலேரியா வந்தால் உயிருக்கே ஆபத்து.

"கேரியர்" என்று சிக்கிள் பரிசோதனை அட்டையில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நோயா?

இல்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என எல்லோருக்கும் இரண்டு மரபணு. இரண்டும் மாறியிருந்தால் நோய் (எஸ்எஸ்). ஒன்று மட்டும் மாறியிருந்தால் கேரியர் (ஏஎஸ்). ஒரு பக்கம் சிக்கிள், மறுபக்கம் தலசீமியா (ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத இன்னொரு பிறவிக் கோளாறு) என்று வந்தாலும் அது நோய்தான், சில சமயம் எஸ்எஸ் அளவுக்கே கடுமையாக இருக்கும்.

கேரியருக்கு மருந்து வேண்டாம், உணவுக் கட்டுப்பாடு வேண்டாம், எந்த வேலையும் செய்யலாம். கேரியருக்குச் சோகை இருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவா, கொக்கிப்புழுவா என்று தேட வேண்டும். "சிக்கிள்தான், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது தவறு. இரண்டு விஷயங்களில் மட்டும் கேரியர்கள் கவனமாக இருக்கவேண்டும். தண்ணீர் குடிக்காமல் உச்சி வெயிலில் அளவுக்கு மீறி ஓடக்கூடாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

இரண்டு பேரும் கேரியர். கல்யாணம் செய்யக்கூடாதா?

அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். அட்டையைக் காட்டி யாரும் தடுக்க முடியாது. ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதமும், கேரியராகப் பிறக்க 50 சதவீதமும், ஒன்றுமே இல்லாமல் பிறக்க 25 சதவீதமும் வாய்ப்பு. நோயாளியும் கேரியரும் சேர்ந்தால் நோய்க்கு 50 சதவீதம். நோயாளியும் மரபணு இல்லாதவரும் சேர்ந்தால் குழந்தைகள் எல்லாம் கேரியர், யாருக்கும் நோய் வராது.

"முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த 25 சதவீதம் புதிதாகவே நிற்கும்.

கர்ப்பத்துக்குள்ளேயே தெரிந்துகொள்ள விரும்பினால் 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். இது பெரிய மருத்துவமனைகளில்தான் நடக்கும் என்பதால், மாதவிடாய் தள்ளியதும் கணவன் மனைவி இருவரின் அட்டையோடும் போனால்தான் நேரம் இருக்கும். ஐந்தாம் மாதம் போனால் முடிவெடுக்கும் அவகாசம் மிகவும் சுருங்கிவிடும். பரிசோதனை வேண்டாம், குழந்தை எப்படிப் பிறந்தாலும் வளர்ப்போம் என்றாலும் அது உங்கள் உரிமை. அப்படியானால் பிறந்த உடனே சொல்லிவையுங்கள், குழந்தையைச் சீக்கிரம் சோதிக்கலாம்.

பெண்ணின் அட்டையை மட்டும் கேட்டு, ஆணுடையதைக் கேட்காமல் விடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அநியாயம். மரபணு இரு பக்கமிருந்தும் வருகிறது.

எந்தப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரியும்?

முகாமில் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் குழாயில் கலக்கிப் பார்ப்பது கரைதிறன் சோதனை. குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட காகிதத்தைப் பிடிப்பார்கள். கோடு மறைந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். ஆனால் அது கேரியரா நோயா என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். எச்பிஎல்சி அறிக்கையில் ஹீமோகுளோபின் எஸ் 30 முதல் 40 சதவீதம், மீதி பெரும்பாலும் ஏ (சாதாரண ஹீமோகுளோபின்) என்று இருந்தால் கேரியர். ஏ இல்லாமல் எஸ்-ஸும் எஃப்-உம் (கருவில் இருக்கும்போது உள்ள வகை) மட்டும் மிகுந்திருந்தால் நோய்.

எங்கே தவறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கரைதிறன் சோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டலாம். சோகை மிகக் கடுமையாக இருந்தாலும் அப்படியே. கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால், கொடுத்தவரின் ரத்தம் கலந்திருப்பதால் நோயாளிகூட அறிக்கையில் கேரியர் போலத் தெரிவார். ஆகவே ரத்தம் ஏற்றும் முன்பே சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிவிட்டார்கள் என்றால் தாய் தகப்பனைச் சோதித்தும் கண்டுபிடிக்கலாம்.

தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கியது. 17 மாநிலங்களில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. தமிழ்நாடும் அதில் உண்டு. முகாமில் எடுத்தால் கட்டணமில்லை. ஆனால் முகாம் முடிந்து போனபின் அறிக்கை ஊர் வந்து சேராமல் நின்றுவிடுவது உண்டு. ரத்தம் கொடுத்த நாள், இடம், பதிவு எண் மூன்றையும் குறித்துவையுங்கள். ஒரு மாதத்தில் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குழந்தைக்கு முதலில் எப்படித் தெரியும்?

பிறந்த ஐந்தாறு மாதம் ஒன்றும் தெரியாது. கருவில் இருந்தபோது இருந்த ஹீமோகுளோபின் எஃப் அதுவரை காப்பாற்றும். அது குறையக் குறைய, இரண்டு கையின் மேற்புறமோ பாதமோ திடீரென்று வீங்கிக் குழந்தை தொடவிடாமல் அழும். பல குழந்தைகளுக்கு இதுதான் முதல் அடையாளம். "எறும்பு கடித்திருக்கும்", "விழுந்திருக்கும்" என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறார்கள். உருவாதீர்கள். நான்கு வயதுக்கு மேல் இந்த வீக்கம் பொதுவாக வராது, அதன்பின் வலி முதுகு, கை, கால் எலும்புகளுக்கு மாறும். மூட்டுவலியும் காய்ச்சலும் சேர்ந்து வருவதால் இதை வாதக்காய்ச்சல் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டவர்கள் உண்டு. நீலகிரிப் பழங்குடிக் குழந்தைக்கு மூட்டுவலி என்றால் முதலில் சிக்கிள் சோதனை.

காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

இடது விலாவுக்குக் கீழே உள்ள மண்ணீரல் ரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டும் உறுப்பு. சிக்கிள் செல் குழந்தைக்கு அது சின்ன வயதிலேயே செயலிழக்கத் தொடங்குகிறது. அதன்பின் நிமோகாக்கஸ் போன்ற கிருமி காலையில் காய்ச்சலாக வந்து அன்றைக்கே உயிரைக் குடிக்கலாம். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடாது. மழையானாலும் இரவானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். அங்கே போனதும் "சிக்கிள் செல் நோய்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அறிக்கை வருவதற்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள்.

தடுக்க வழி இருக்கிறது. பென்சிலின் வி மருந்து: இரண்டு மூன்று மாதக் குழந்தை முதல் மூன்று வயது வரை 125 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து வயது வரை 250 மில்லிகிராம், தினமும் காலை மாலை இருவேளை. 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்த ஒன்றே கடும் கிருமித்தொற்றை 84 சதவீதம் குறைத்தது. மருந்து சாதாரணமானது, விலையும் குறைவு. ஆனால் குழந்தை நன்றாக விளையாடும்போது "எதற்கு" என்று நிறுத்திவிடுகிறோம். நன்றாக இருக்கும்போது கொடுப்பதற்கான மருந்துதான் இது. நிமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இருக்கிறது, தவறவிடாதீர்கள். டைபாய்டு, மெனிங்கோகாக்கல், ஆண்டுக்கொரு ஃப்ளூ ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மண்ணீரலை வீட்டிலேயே பார்க்கச் சொன்னார்கள். எப்படி?

குழந்தையைப் படுக்கவைத்து முழங்காலை மடக்குங்கள். அழாத நேரம் நல்லது. விரல்களைத் தட்டையாக வைத்து, தொப்புள் பக்கமிருந்து இடது விலாவை நோக்கி மெதுவாக மேலேறுங்கள். விலாவுக்குக் கீழே உறுதியான ஓரம் தட்டுப்பட்டால் அதுதான் மண்ணீரல். விலா ஓரத்திலிருந்து அந்த முனை வரை ஓர் ஈர்க்குச்சியை வைத்து ஒடித்து, அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையும், குழந்தை சோர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனேயும் பாருங்கள்.

மண்ணீரல் குச்சியைத் தாண்டியிருக்கிறது, உதடும் உள்ளங்கையும் வெளுத்திருக்கின்றன, குழந்தை துவண்டு தண்ணீர் தண்ணீர் என்கிறது என்றால், உடல் ரத்தம் மண்ணீரலில் போய்த் தேங்குகிறது. சில மணி நேரத்தில் உயிர் போகலாம். உடனே ரத்தம் ஏற்ற வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். ஜமைக்காவில் தாய்மாருக்கு இப்படித் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததாலேயே இந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. படிக்காத தாயாலும் செய்யக்கூடியது இது.

வலி வந்தால் வீட்டில் என்ன செய்வது?

முதலில் குளிரை விரட்டுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைவதும், பனிக்காலத்துக் குளிர்ந்த நீர்க் குளியலும் வலியைக் கிளப்பும் காரணங்களில் முக்கியமானவை. ஈரத்துணியை மாற்றி, கம்பளி போர்த்தி, வலிக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வையுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது, ரத்தக்குழாய் மேலும் சுருங்கும்.

அடுத்து நீர். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 1 லிட்டர், 20 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர், பெரியவருக்கு 3 லிட்டர் என்பது சாதாரண நாளின் அளவு. வலி நாளில் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கஞ்சித்தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் எல்லாம் கணக்கில் சேரும். கட்டன்சாயா மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போதாது. சாராயம் நீரை வற்றவைத்து வலியைக் கூட்டும்.

மாத்திரை: பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கொரு முறை, நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 20 கிலோ குழந்தைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. பாட்டிலில் 125 என்று எழுதியிருந்தால் அளவு இரட்டிப்பாகும், லேபிளைப் பார்க்காமல் ஊற்றக்கூடாது. போதவில்லை என்றால் சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபென், கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கொரு முறை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், கர்ப்பம், டெங்கு சந்தேகம், உடலில் நீர் வற்றிய நிலை இருந்தால் ஐபுப்ரோஃபென் வேண்டாம். கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சிக்கிள் செல் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானது.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இரண்டு மாத்திரையும் கொடுத்தும் வலி அடங்காவிட்டால். காய்ச்சல் இருந்தால். நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், இருமல் இருந்தால். வலி தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து நெஞ்சு வலிப்பது நுரையீரலில் அடைப்பு என்பதன் அடையாளமாக இருக்கலாம், பெரியவர்களின் சாவுக்கு இது முக்கியக் காரணம். வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சு குழறுதல் வந்தால் அது பக்கவாதம். சிக்கிள் செல்லில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பக்கவாதம் வரும். ஆணுறுப்பு தானாக விறைத்து வலியோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும் போக வேண்டும். இளைஞர்கள் வெட்கப்பட்டு மறைத்து நிரந்தரப் பாதிப்போடு நிற்கிறார்கள். இதுவும் அதே நோயின் அடைப்புதான்.

மருத்துவமனையில் வலிமருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், தேவைப்பட்டால் மார்ஃபின் வரை. வெளியே வீக்கமோ காயமோ தெரியாததால் "நடிக்கிறான்", "ஊசிக்குப் பழகிவிட்டான்" என்று வார்டில் பேசுவது இன்னும் நடக்கிறது. சிக்கிள் வலியை அளக்க எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு. அட்டையைக் காட்டுங்கள், சென்ற முறை எந்த மருந்தில் அடங்கியது என்பதையும் சொல்லுங்கள். படுக்கையில் இருக்கும்போது விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை பத்துத் தடவை ஆழமாக மூச்சிழுத்து விடவேண்டும். குழந்தைக்குப் பலூன் கொடுத்து ஊதச் சொல்லலாம். நுரையீரல் அடைப்பைத் தடுக்க இந்தச் சின்ன வேலை பெரிய உதவி.

சிக்கிள் செல்லுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை புற்றுநோய் மருந்து என்கிறார்களே?

ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், உண்மை. சிக்கிள் செல்லுக்குக் கொடுக்கும் அளவு குறைவு. இது குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபின் எஃப்-ஐ மறுபடி கூட்டுகிறது. எஃப் இருக்கும் அணு எளிதில் வளைவதில்லை. 1995-ல் வெளியான ஆய்வில் வலி வருவது 44 சதவீதம் குறைந்தது. நோயோடு வாழும் பலருக்கு வாழ்க்கையே மாறுவது இந்த மாத்திரையால்தான், பயந்து விட்டுவிடாதீர்கள்.

பொதுவாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. இந்தியாவில் 10-லேயே பலருக்கு நல்ல பலன் தெரிகிறது. காப்ஸ்யூல் 500 மில்லிகிராமாக வருவதால், சிறு பிள்ளைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதுவதுண்டு. அந்த முறை தவறாமல் இருக்கச் சுவரில் உள்ள நாட்காட்டியில் மாத்திரை நாளை வட்டம் போட்டு வையுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் "பிரயோஜனமில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறையும் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். வெள்ளணு மிகக் குறைந்தாலோ தட்டணு (பிளேட்லெட்) 80,000-க்குக் கீழே போனாலோ மருத்துவர் சில வாரம் நிறுத்தி, அணுக்கள் ஏறியதும் மறுபடி தொடங்குவார். கருத்தரிக்க நினைக்கும் பெண் மூன்று மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். ஆண்களும் சொல்ல வேண்டும், விந்தணு குறையலாம். உடைந்த காப்ஸ்யூலைக் கர்ப்பிணி தொடக்கூடாது. மற்றவர்களும் தொட்டால் கை கழுவுங்கள்.

பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடலாமா?

கேரியர் சாப்பிடலாம். நோயாளி, ஃபெரிட்டின் என்ற சோதனையில் இரும்பு குறைவு என்று தெரிந்தால் மட்டும். இந்தச் சோகை அணு உடைவதால் வருவது. உடைந்த அணுவின் இரும்பு உடலிலேயே தங்குகிறது, ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தமும் இன்னும் சேர்க்கிறது. அளவு மீறினால் ஈரலிலும் இதயத்திலும் படியும். நோயாளிக்குத் தேவையானது ஃபோலிக் அமிலம், அதை நாள்தோறும் எடுக்கலாம்.

ஹீமோகுளோபின் 7 தான் இருக்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டாமா?

அவசியமில்லை. பல நோயாளிகள் 7, 8 அளவிலேயே நடமாடிக்கொண்டிருப்பார்கள், அது அவர்களுடைய வழக்கமான அளவு. நலமாக இருக்கும்போது உங்கள் அளவு என்ன என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். அதிலிருந்து 2 கிராமுக்கு மேல் இறங்கினாலோ, பக்கவாதம், நுரையீரல் அடைப்பு, மண்ணீரல் தேக்கம் வந்தாலோ ஏற்ற வேண்டும். வெறும் வலிக்காக ஏற்ற வேண்டியதில்லை. ஒரேயடியாக 10-க்கு மேல் ஏற்றினால் ரத்தம் தடித்து அடைப்பே கூடும். அரசு ரத்த வங்கிகளில் சிக்கிள் செல் நோயாளிக்கு ரத்தம் இலவசம்.

கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி கொடுக்கலாமா?

இந்த மஞ்சள் ஈரல் நோயால் வருவதில்லை. உடைந்த சிவப்பணுக்களின் நிறம்தான் அது, எப்போதும் கொஞ்சம் இருக்கும். மஞ்சள் காமாலைப் பத்தியம் என்று எண்ணெயும் உப்பும் மீனும் நிறுத்துவது வளரும் பிள்ளையை மெலியவைக்கும். வழக்கத்தைவிடத் திடீரென்று மஞ்சள் கூடி, வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் இருந்தால் பித்தக்கல்லாக இருக்கலாம். ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இளவயதிலேயே நொண்டி நடக்கிறான். ஏன்?

தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்தம் போகாமல் அது உளுத்துப்போவதால். முதலில் தொடை இடுக்கிலோ முழங்காலிலோ வலி, பிறகு காலைச் சாய்த்து நடப்பது, கீழே உட்கார முடியாமல் போவது என்று வளரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், எம்ஆர்ஐயில்தான் தெரியும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் வலி தொடரும்வரை விடாமல் கேளுங்கள். சீக்கிரம் கண்டால் ஊன்றுகோல், பயிற்சி, சிறு அறுவை என்று காப்பாற்ற வாய்ப்பு உண்டு. முனை சரிந்தபின் மூட்டு மாற்று அறுவைதான். எந்த அறுவைக்கும் முன்பு மயக்க மருத்துவரிடம் நோயைச் சொல்லியாக வேண்டும்.

இதுபோல ஓசையில்லாமல் வரும் இன்னும் மூன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை கண் விழித்திரையும் சிறுநீர்ப் புரதமும். இரண்டு முதல் 16 வயது வரை ஆண்டுக்கொரு முறை மூளை ரத்தக்குழாய் டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் ஸ்கேன்). அதில் ரத்த ஓட்டம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாதம் வரும் முன்பே தடுக்கச் சிகிச்சை இருக்கிறது.

உண்டு உறைவிடப் பள்ளியில் என்ன சொல்லிவைக்க வேண்டும்?

வகுப்பில் தண்ணீர் பாட்டில், கேட்டவுடன் கழிப்பறைக்குப் போக அனுமதி. இந்தச் சிறுநீரகம் நீரைச் சேமிக்காது, ஆகவே பெரிய பிள்ளையும் இரவில் படுக்கையை நனைக்கும். அதற்காக அடிப்பதும் கேலி செய்வதும் கொடுமை. குளிக்க வெந்நீர், காலை வழிபாட்டில் ஸ்வெட்டர். விளையாடட்டும், களைத்தால் உட்காரட்டும். மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் தண்டனை கூடாது. காய்ச்சல் வந்தால் பெற்றோர் வரும்வரை காத்திருக்காமல் காப்பாளரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவைக்கவும்.

இதற்கு மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?

கிடைக்கும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பழைய சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. ஹீமோஃபிலியா, தலசீமியாவோடு சிக்கிள் செல் நோயும் அதில் உண்டு. கேரியருக்குக் கிடையாது.

சுவாவ்லம்பன் இணையதளத்தில் யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். சொந்தமாக முடியாவிட்டால் இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ செய்து தருவார்கள். வகை கேட்கும் இடத்தில் ரத்தக் கோளாறு, சிக்கிள் செல் நோய் என்று சரியாகத் தேர்ந்தெடுக்கவும். பிறகு மருத்துவக் குழுவிடம் அழைப்பார்கள். எச்பிஎல்சி அசல் அறிக்கை, ஆதார், படம், ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒவ்வொரு முறைக்குமான டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தம் ஏற்றிய பதிவுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

பெரும்பாலானோருக்கு மருத்துவக் குழு தரும் பாதிப்புச் சதவீதம் குறைந்துபோவது தாள் இல்லாததால். வலியை வீட்டிலேயே தாங்கிக்கொண்டவருக்கு எந்தப் பதிவும் இருக்காது. சீட்டில் வெறும் "சோகை", "உடல்வலி" என்று எழுதியிருந்தால் குழு அதைக் கணக்கில் எடுக்காது. "சிக்கிள் செல் நோய், வலி நெருக்கடி, இத்தனை நாள் சேர்க்கை" என்று எழுதித்தரச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மழை ஒழுகும் வீட்டில் தாள் தங்காது, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துவையுங்கள். ஆதாரில் ஒரு பெயர், சீட்டில் வீட்டுப்பெயர் என்று இருந்தால் அலைய வேண்டிவரும். முதல் நாளே ஆதார்ப் பெயரையே சொல்லிப் பதியுங்கள். சதவீதம் நியாயமாக இல்லை என்று தோன்றினால் சட்டத்தின் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

சான்றால் என்ன கிடைக்கும்?

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம், வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீடு வேறு. 34-வது பிரிவு பட்டியலிடும் வகைகளில் ரத்தக் கோளாறுகள் இல்லை. மாதம் இரண்டு முறை வலியில் சுருண்டு கூலியை இழக்கும் ஒருவருக்கு இந்த வாசல் மூடியிருப்பது பெரிய குறை, அது மாற வேண்டும். ஆனால் இடுப்பு மூட்டு கெட்டோ பக்கவாதத்தாலோ நடை பாதிக்கப்பட்டிருந்தால் அது உடல் இயக்கக் குறைபாடு, அந்த வகை பட்டியலில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரின் மதிப்பீட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்று இதிலிருந்து தனி, அதைக் கோட்டாட்சியர் தருவார். இரண்டும் இருந்தால் இரண்டையும் பயன்படுத்தலாம்.

கர்ப்பம் தரிக்கலாமா?

தரிக்கலாம், பலர் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம் என்று முதல் மாதமே பதிவு செய்யவேண்டும். ஹைட்ராக்சியூரியா நிறுத்தம், ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், மருத்துவர் சொன்னால் 12 வாரத்திலிருந்து சிறு அளவு ஆஸ்பிரின். ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வழி அடைபடும் ஊர் என்றால் தேதிக்கு முன்பே போய்த் தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

முழுதாகக் குணமாக வழியே இல்லையா?

எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகும். உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்துவது நல்லது. ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் அந்த வாய்ப்பு 25 சதவீதம், அவர் கேரியராக இருந்தாலும் கொடுக்கலாம். உறுப்புகள் கெடும் முன்பு, சின்ன வயதில் செய்தால் பலன் அதிகம். பக்கவாதம் வந்த, அல்லது மருந்துக்கு அடங்காத பிள்ளைகளுக்கு இதை முதலில் யோசிக்கிறார்கள். மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன, ஆனால் அதன் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. இணையத்தில் புகழப்படும் வாக்செலோட்டர் என்ற மாத்திரையை தயாரித்த நிறுவனமே 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுவிட்டது, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மஜ்ஜை மாற்றம் பற்றிக் கேட்க வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போன்ற இடங்களுக்குப் போவதானால், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியில் இறங்கலாம். சிக்கிள் செல் நோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள். பொருத்தம் பார்க்கும் ரத்தச் சோதனைக்கு உடன்பிறந்த எல்லோரையும் ஒரே பயணத்தில் கூட்டிப்போனால் இரண்டாவது முறை கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்காது.